பிளக் ஒன்றாகாததற்குக் காரணம் பிரசெல்ஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் கைபேசி சார்ஜர் ஒன்றானதைப் பற்றிச் சென்ற வார இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். சார்ஜரை ஒன்றாக்கத் தெரிந்த பிரசெல்ஸ் அதிகாரிகளுக்குச் சுவர் பிளக்கை ஒன்றாக்க மட்டும் மனம் வரவில்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். லண்டனில் நெடுங்காலமாக வயரிங் வேலை செய்கிறவன் நான். அதிகாரிகளைத் திட்டுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் திட்டுவதென்றால் சரியான ஆளைப் பார்த்துத் திட்ட வேண்டும்.

மின்சாரச் சாமான்களுக்கான ஐரோப்பியத் தரநிலைகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழு எழுதுவதில்லை. செனெலெக் என்ற அமைப்பு எழுதுகிறது. அதன் அலுவலகம் பிரசெல்ஸில் இருப்பதால் பலரும் அதை ஒன்றியத்தின் ஓர் இலாகா என்று நினைத்துவிடுகிறார்கள். அது 1973 முதல் இயங்கும் தனி அமைப்பு. 34 நாடுகளின் தேசிய மின்தொழில்நுட்பக் குழுக்கள் அதன் உறுப்பினர்கள்: ஒன்றியத்தின் 27 நாடுகள், அவற்றோடு நோர்வே, ஐஸ்லாந்து, சுவிற்சர்லாந்து, துருக்கி, சேர்பியா, வட மசிடோனியா, பிரித்தானியா. ஆம், பிரித்தானியாவும்தான். 2020-இல் ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகும் பிரித்தானியத் தரநிலை நிறுவனமான பி.எஸ்.ஐ. அந்த மேசையில் இருக்கிறது, வாக்கும் போடுகிறது. பிரெக்சிற்றுக்கு வாக்களித்த என் வாடிக்கையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

அந்த மேசைக்கு வரும் தரநிலை வரைவுகளில் பெரும்பகுதி பிரசெல்ஸில் பிறப்பதும் இல்லை. 1906-இல் லண்டனில் தொடங்கி, கெல்வின் பிரபுவை முதல் தலைவராகக் கொண்டு, இன்று ஜெனீவாவில் இயங்கும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தில், அதாவது ஐ.இ.சி.யில், அவை தயாராகின்றன. அங்கே உலக நாடுகள் வாக்குக்கு எடுக்கும் வரைவை அதே வேளையில் ஐரோப்பியர்களும் தங்கள் பக்கத்தில் வாக்குக்கு எடுக்கிறார்கள். 1996-இல் டிரெஸ்டன் நகரில் செய்த உடன்பாடு இது. 2016-இல் பிராங்க்பர்ட்டில் புதுப்பித்தார்கள். உங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டியோடு வந்த தாளில் தரநிலை எண் போட்டிருந்தால் பாருங்கள். 6-இல் தொடங்கும் ஐந்து இலக்க எண் என்றால் ஜெனீவாவில் இருந்து வந்தது. 50-இல் தொடங்கினால் ஐரோப்பியர் தாங்களே எழுதியது.

கட்டுரையாளர் தொடாத ஓர் இடம் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவதே அதுதான். ஒரு தரநிலை நிறைவேறினால் உறுப்பு நாடுகள் எல்லாம் அதைத் தங்கள் தேசியத் தரநிலையாக வெளியிட வேண்டும். அத்தோடு விடுவதில்லை. அதற்கு முரணான தங்கள் பழைய தரநிலையையும் விலக்கிக்கொள்ள வேண்டும். வெளியிட ஒரு கடைசித் தேதி, விலக்க ஒரு கடைசித் தேதி, இரண்டும் முன்னுரையிலேயே அச்சாகியிருக்கும். ஒரு விடயத்தில் ஐரோப்பிய வேலை தொடங்கிவிட்டால், அதே விடயத்தில் நாடுகள் தனியாக எழுதிக்கொண்டிருந்ததையும் நிறுத்திவைக்க வேண்டும். புதிதாக ஒன்றை எழுதுவதற்கு எல்லா நாட்டிலும் ஆள் கிடைக்கும். தன் நாட்டுப் பொறியாளர்கள் பரம்பரையாகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியதை ரத்துச் செய்கிறேன் என்று கையெழுத்து வைப்பதில்தான் இழுபறி வருகிறது.

அந்த இழுபறியின் பலன் என் கையில் தினமும் தட்டுப்படுகிறது. 2004 மார்ச் இறுதி வரை இந்த நாட்டில் சுவருக்குள் போகும் வயரில் சிவப்பு லைவ் (மின்சாரம் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்). மூன்று பேஸ், அதாவது மூன்று லைவ் வயர் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. எச்.டி. 308 என்ற ஐரோப்பிய ஆவணத்துக்கு இணங்க இங்குள்ள வயரிங் விதிகளான பி.எஸ். 7671-ஐத் திருத்தினார்கள். இரண்டு வருடம் பழையதும் போடலாம், புதியதும் போடலாம். 2006 ஏப்ரலில் இருந்து புது வேலைக்குப் புது நிறம் மட்டும்: பேஸ்களுக்குப் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரலுக்கு நீலம். நன்றாகக் கவனியுங்கள். அன்று நியூட்ரலாக இருந்த கறுப்பு இன்று லைவ். அன்று லைவாக இருந்த நீலம் இன்று நியூட்ரல்.

பழைய கடைத்தொகுதி ஒன்றில் மூன்று பேஸ் போர்டைத் திறந்தால், தொண்ணூறுகளில் இழுத்த கேபிளும் 2010-க்குப் பிறகு இழுத்த கேபிளும் ஒரே பெட்டிக்குள் வந்து முடிந்திருக்கும். ஒரு கறுப்பு வயர் நியூட்ரல் பாரில் முறுக்கப்பட்டிருக்கும். ஒரு சாண் தள்ளி இன்னொரு கறுப்பு பிரேக்கருக்குள் போயிருக்கும். இரண்டும் ஒரே கறுப்பு. நிறத்தை நம்பிக் கை வைக்க முடியாது, டெஸ்டர் சொல்வதுதான் கணக்கு. இரண்டு நிறமும் கலந்த போர்டில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டாமல் போனவர்களின் போர்டுகள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன.

அப்படியானால் எதற்கு மாற்றினார்கள் என்று கேட்பீர்கள். ஜேர்மனியில் 1960களின் நடுப்பகுதி வரை சிவப்பு வயர்தான் எர்த், அதாவது சாமானின் உலோக உடம்போடு இணைக்கும் காப்பு வயர்! அங்கே செய்த சாமானை இங்கே கொண்டுவந்து, நம் வழக்கப்படி சிவப்பை லைவில் கொடுத்தால் அதன் உலோக உடம்பு முழுவதும் 240 வோல்ட். ஆகவே சாமானோடு வரும் மெல்லிய வயருக்கு யாருடைய பழைய வழக்கத்தோடும் இப்படி மோதாத பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று முதலில் உடன்பட்டார்கள். பிரித்தானியாவில் 1969-இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. சுவருக்குள் போகும் வயருக்கு அதே நிறங்கள் வர இன்னும் 35 வருடம் பிடித்தது. சாமான் கடைக்கு வரும், பழுதாகும், குப்பைக்குப் போகும். சுவரை யார் உடைப்பது?

வோல்டேஜ் விடயத்தில் இன்னும் வேடிக்கை. ஐரோப்பியப் பெருநிலத்தில் 220, இங்கே 240. இரண்டையும் 230 ஆக்க 1988-இல் ஓர் ஆவணம் வந்தது, பிரித்தானியா 1995 ஜனவரி 1-இல் மாறியது. மாறியது என்றால் ஒரு டிரான்ஸ்போர்மரைக்கூடத் தொடவில்லை. பெயரளவு 230, மேலே 10 வீதம் வரை, கீழே 6 வீதம் வரை போகலாம் என்று எழுதினார்கள். அதாவது 216.2-இல் இருந்து 253 வரை எல்லாம் சரி. பழைய 240 அதற்குள் சௌகரியமாக அடங்கிவிட்டது. இன்றும் லண்டனில் ஒரு சொக்கெட்டில் மீட்டரை வைத்தால் 240-க்கும் மேல் காட்டுவது எனக்குச் சாதாரணம். இதை ஏமாற்று என்று சிலர் கதைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சாமான் செய்கிறவருக்கு வேண்டியது, தன் கேத்தல் எந்த வீட்டில் போட்டாலும் எரியாமல் கொதிக்க வேண்டும் என்ற எல்லை. அந்த எல்லை அவருக்குக் கிடைத்துவிட்டது. சாமானை அகன்ற எல்லைக்குச் செய், கம்பியை இருக்கிறபடி விடு என்பதுதான் அங்கே செய்த ஏற்பாடு.

இனி பிளக்குக்கு வருகிறேன். உலகத்துக்கே ஒரு பிளக் என்று ஐ.இ.சி. 1986-இல் ஒன்றை வெளியிட்டது. அதன் வழியில் பிரேசிலும் தென்னாபிரிக்காவும் போயின. ஐரோப்பாவுக்கு அதை ஒட்டி ஒன்று செய்ய செனெலெக் முயன்று, 1995-இல் கைவிட்டது. சோம்பேறித்தனம் என்று எழுதுவது சுலபம். ஆனால் பிளக் என்பது சுவருக்குள் இருக்கும் ஒரு முழு ஏற்பாட்டின் வெளிமுனை. போருக்குப் பிறகு செம்பு தட்டுப்பாடான காலத்தில் பிரித்தானியர் ரிங் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரே கேபிள் வீட்டைச் சுற்றிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும், அதற்கு இன்று 32 ஆம்பியர் பிரேக்கர். மேசை விளக்கின் மெல்லிய வயரை 32 ஆம்பியர் பிரேக்கர் காப்பாற்றாது. பிரேக்கர் விழுவதற்குள் வயர் உருகிவிடும். அதனால்தான் 1947-இல் வந்த பி.எஸ். 1363 என்ற பிரித்தானியத் தரநிலைப் பிளக்குக்குள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது. ஜேர்மனியில் பொதுவாக 16 ஆம்பியர் தனித்தனி லைன், பிளக்கில் பியூஸ் கிடையாது, எந்தப் பக்கமாகவும் திருப்பிச் செருகலாம். இங்குள்ள ரிங்கில் ஜேர்மன் சொக்கெட்டைப் பூட்டினால் அந்த மெல்லிய வயருக்குக் காவலே இல்லை. ஒரு பிளக்குக்காக வீடுவீடாக ரிங்கை அறுத்து போர்டை மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு எந்த நாட்டு நிதியமைச்சர் கையை உயர்த்துவார்?

செய்ய முடிந்ததைச் செய்துதான் இருக்கிறார்கள். பெருநிலத்துப் பயணிகள் அன்றாடம் செருகும் அந்த மெல்லிய இருமுனை யூரோபிளக் செனெலெக்கின் இ.என். 50075 என்ற தரநிலைப்படி செய்தது. 2.5 ஆம்பியருக்கு மட்டும், எர்த் இல்லை. பாரம் குறைந்த சாமான்களுக்கு அது போதும்.

சார்ஜர் ஏன் முடிந்தது என்பதும் இப்போது விளங்கும். 2009-இல் கைபேசிக் கம்பனிகள் தாமாகக் கையெழுத்திட்டன. ஆணைக்குழு கேட்டுக்கொண்டதன் பேரில் 2010 டிசம்பரில் இ.என். 62684 என்ற தரநிலை வந்தது, மைக்ரோ யு.எஸ்.பி. பரவியது. எல்லாக் கம்பனியும் அதற்குள் வராததால் 2022-இல் சட்டமே போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் யு.எஸ்.பி.-சி கட்டாயமானது. சட்டம் பிரசெல்ஸுடையது, உண்மை. ஆனால் அந்த யு.எஸ்.பி.-சி துளையை வடிவமைத்தது தொழில்துறை. அது ஜெனீவா வழியாகத் தரநிலையாகி, பிறகுதான் சட்டத்துக்குள் வந்தது. சில வருடத்தில் தூக்கிப்போடும் சாமானில் இதைச் செய்யலாம்.

நல்ல விடயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வீட்டுச் சாமான் கையேடுகளில் இரண்டு வித வாசகங்கள் இருக்கும். ஒன்று, உடல் அல்லது அறிவுத் திறன் குறைந்தவர்களும் பிள்ளைகளும் இதைப் பாவிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல என்று தொடங்கும். அது உலகத் தரநிலையின் வாசகம். மற்றது, 8 வயதும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளும், திறன் குறைந்தவர்களும், மேற்பார்வையோடோ சொல்லிக் கொடுத்த பிறகோ பாவிக்கலாம் என்று சொல்லும். அது ஐரோப்பியர் மாற்றி எழுதியது. நுகர்வோர் பக்கத்தில் இருந்து அனெக் என்ற அமைப்பு இதற்காக உழைத்தது. ஒரு வரி மாறினால் சாமானின் அமைப்பும் மாற வேண்டும்: பிள்ளையின் விரல் எங்கே நுழையும், எந்தப் பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்பதெல்லாம் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும்.

குறையும் இருக்கிறது. குழுக்களில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கம்பனிகளின் பொறியாளர்கள், பயணச் செலவைக் கம்பனி கொடுக்கும். என்னைப் போல வான் வண்டியில் ஏணி கட்டிக்கொண்டு ஓடுகிறவன் எந்த நாளில் போவது? தரநிலையை வாசிக்கவும் காசு கொடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், சட்டத்தோடு பிணைந்த தரநிலைகளை மக்கள் பார்ப்பதில் பொதுநலன் மேலோங்குகிறது என்று தீர்ப்புச் சொன்னது. விளையாட்டுச் சாமான்கள் பற்றிய வழக்கு அது. விற்பனை வருமானத்தில் ஓடும் தேசிய நிறுவனங்களுக்கு அது கசப்பு மருந்து.

ஆனால் வரைவு நிலையில் வாசிக்கக் காசு வேண்டாம். ஐரோப்பிய வரைவு ஒன்று நாடுகளுக்குப் போகும்போது பொதுமக்கள் கருத்துக்காகத் திறந்துவைக்கிறார்கள். பி.எஸ்.ஐ. இணையத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் வரைவை வாசித்து, வரி வரியாகக் கருத்து எழுதலாம். நம்மவர்கள் எத்தனையோ பேர் இங்கே வயரிங், குளிரூட்டி, சூரிய மின்தகடு வேலை செய்கிறார்கள். போர்டுக்குள் இடம் போதாமல் விரல் கிழிகிறவர்கள் அவர்கள்தான். உங்கள் பத்திரிகை தொழில் பக்கத்தில் எந்த வரைவு எப்போது திறந்திருக்கிறது என்று மாதம் ஒருமுறை நாலு வரி போட்டால் உதவியாக இருக்கும்.

கடைசியாக ஒரு திருத்தம். சாமான்களில் பதிந்திருக்கும் சி.இ. (CE) முத்திரையை அரசாங்கம் சோதித்துக் கொடுக்கும் தரச் சான்று என்று கட்டுரையில் எழுதியிருந்தது. அப்படி இல்லை. வீட்டு மின்சாதனங்களில் பெரும்பாலும் அதைத் தயாரிப்பாளரே, சட்டத்துக்கு இணங்கியிருக்கிறேன் என்ற தன் சொந்தப் பொறுப்பில் பதித்துக்கொள்கிறார். தரநிலையைப் பின்பற்றியிருந்தால் இணங்கியதாகக் கொள்வார்கள், அவ்வளவுதான். சந்தையில் மலிவு எக்ஸ்டென்ஷன் வாங்குகிறவர்கள் அந்த இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். வயரின் மேல் எச்05வி.வி.-எப் (H05VV-F) போன்ற குறியீடும், பக்கத்தில் எச்.ஏ.ஆர். (HAR) அடையாளமும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அடையாளம் வெளியில் இருந்து ஒருவர் சோதித்த பிறகு கொடுப்பது.

இப்படிக்கு,
ஒரு மின்பணியாளர்,
ஹரோ, லண்டன்