துப்பாக்கி உரிமதாரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்துக்கு இந்த ஆண்டு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "மனு கொடுத்தாச்சு, அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியலை." ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, காவல்துறை தன் அறிக்கையை 30 நாளில் அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து 60 நாளில் உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் மூன்று மாதம். ஆனால் இரண்டாவது கெடு தொடங்குவதே அறிக்கை வந்து சேர்ந்த பிறகுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அறிக்கை கீழே எங்கோ தங்கிவிட்டால் மேலே எந்தக் கெடுவும் ஓடுவதில்லை. நம் உறுப்பினர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாக நடக்கிறார்கள். தாளோ அங்கே இருப்பதில்லை.

நம் மாவட்டத்தில் மனு பிரிந்து போகிறது. ஒன்று எஸ்.பி. அலுவலகம் வழியாக டி.எஸ்.பி.க்கும் அங்கிருந்து ஸ்டேஷனுக்கும் இறங்குகிறது. இன்னொன்று ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தார், வி.ஏ.ஓ. என்று போகிறது. காட்டோரக் கிராமம் என்றால் வனத்துறையிடமும் கருத்து கேட்கிறார்கள். போன வழியிலேயே எல்லாம் திரும்ப ஏறி வர வேண்டும். இரண்டு வந்து ஒன்று வராவிட்டாலும் கோப்பு அப்படியே காத்திருக்கும். எனவே பிரிவு எழுத்தரிடம் "எப்போ சார் கிடைக்கும்?" என்று கேட்பதில் பயனில்லை. "எந்த அறிக்கை வரவில்லை, எந்த ந.க. எண்ணில் எந்தத் தேதியில் கேட்டு எழுதினீர்கள்?" என்று கேளுங்கள். அந்த எண்ணையும் (அலுவலகக் கடிதத்தின் கோப்பு எண்தான் ந.க. எண்) தேதியையும் கையில் வைத்துக்கொண்டு போனால், கீழ் அலுவலகத்தில் கடிதத்தைத் தேடி எடுத்துவிட முடியும்.

வாய்மொழியாகப் பதில் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியின் வாசகம் முக்கியம். "ஏன் தாமதம்?" என்றால், விளக்கம் தரத் தேவையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அறிக்கை கேட்டு அனுப்பிய கடிதத்தின் தேதி, யாருக்கு அனுப்பினார்கள், பதில் வந்த தேதி, அவற்றின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். இந்த மனு போன பிறகு கோப்பே நகர்ந்துவிடுவதும் உண்டு.

அடுத்து, மனு திரும்பி வரும் காரணங்கள். முதலிடம் பெயருக்கு. பழைய லைசென்ஸ் புத்தகத்தில் தகப்பனார் பெயருடன் "முருகேசன், த/பெ சுப்பையா" என்று கையால் எழுதியிருப்பார்கள். ஆதாரில் "எஸ். முருகேசன்", பான் அட்டையில் இனிஷியல் விரிந்து "சுப்பையா முருகேசன்". இணையவழிப் படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று தனித்தனிக் கட்டம் கேட்கிறது. மூன்றும் மூன்று ஆளாகத் தெரிகின்றன. மனுவைத் தொடங்கும் முன்பே ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் மூன்று பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி கையொப்பத்துடன் உறுதிமொழிப் பத்திரம் இணையுங்கள். பிறகு கொடுத்தால் ஏற்கமாட்டார்கள் என்பதில்லை, ஆனால் கோப்பு ஒரு சுற்று கீழே போய்த்தான் மேலே வரும்.

இரண்டாவது, துப்பாக்கி எண். பழைய டபுள் பேரலில் (இரட்டைக் குழல் துப்பாக்கி) எண் பொதுவாக மூன்று இடத்தில் இருக்கும்: ஆக்‌ஷனின் (குழல் வந்து பொருந்தும் இயங்கு பகுதி) தட்டையான பகுதி, குழலின் அடித்தட்டு, முன்கட்டையின் இரும்பு. முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தால்தான் மூன்றையும் பார்க்க முடியும். தேய்ந்த 8 என்பது 3-ஆகப் புத்தகத்தில் ஏறி, அங்கிருந்து தேசிய தரவுத்தளத்திலும் ஏறியிருந்தால், சோதனைக்குக் கொண்டுபோகும் நாளில் துப்பாக்கி உங்களுடையதே இல்லை என்றாகிவிடும். சாக்பீஸ் தூளைத் தேய்த்து, மேலே மட்டும் துணியால் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் தெளியும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள், அரம் எதையும் எண்ணின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி குற்றம், நோக்கம் நல்லதாக இருந்தாலும் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

மருத்துவச் சான்று அடிக்கடி திரும்புகிறது. "உடல்நலத்துடன் உள்ளார்" என்ற ஒரு வரி போதாது. மனநலம், உடல்தகுதி, மது அல்லது போதைப்பொருளுக்கு அடிமையாக இல்லை என்ற மூன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். புகைப்படத்துக்கு வெள்ளைப் பின்னணி. துப்பாக்கியை வீட்டில் எங்கே, எப்படிப் பூட்டி வைக்கிறீர்கள் என்பதையும் எழுதித்தர வேண்டும், ஸ்டேஷனிலிருந்து வருபவர் அந்தப் பீரோவைத்தான் பார்க்கக் கேட்பார்.

புதுப்பித்தல் பற்றிச் சற்றே அழுத்திச் சொல்கிறேன். 2019 டிசம்பர் 14 முதல் உரிமக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகிவிட்டது. 2020-இல் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தவர்களுக்கு 2025-இல் கெடு முடிகிறது. ஐந்து வருட இடைவெளியில் தேதி மறந்துபோவது இயல்பு. புதுப்பித்தலுக்கான படிவம் ஏ-3-ஐக் கெடுவுக்கு 60 நாளுக்கு முன்பே தர வேண்டும் என்பது விதி. நான்கு மாதம் முன்பே கொடுங்கள் என்பது நம் சங்கத்தின் யோசனை. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். கெடு முடிந்த உரிமத்துடன் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதும், உரிமமே இல்லாமல் வைத்திருப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான். 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு வரை போகலாம். கெடு முடிந்துவிட்டால் அன்றே அருகிலுள்ள ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

2024 மக்களவைத் தேர்தலையொட்டித் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தவர்களில் சிலருக்கு உரிமக் கெடுவும் அதே சமயத்தில் வந்தது. புதுப்பிக்கத் துப்பாக்கியைக் காட்டு என்பார்கள், துப்பாக்கியோ ஸ்டேஷனில். அப்போது ஒப்படைப்பு ரசீதின் நகலை ஏ-3-உடன் இணைத்தால் போதுமானதாக இருந்தது. ரசீதில் எண், வகை, தோட்டாக்களின் எண்ணிக்கை, துப்பாக்கியின் நிலை நான்கையும் எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் குழலின் உட்புறம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். தோல் உறை வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றும். 2026-இல் சட்டமன்றத் தேர்தல் வருவதால் இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வாரிசு விஷயத்தில் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. உரிமதாரர் காலமானால் துப்பாக்கியை உடனே ஒப்படைக்க வேண்டும், துக்கம் முடியட்டும் என்று பரணில் வைக்கக் கூடாது. பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைப் பத்திரம் ஆகியவற்றுடன் மனு. உயிரோடு இருக்கும்போதே வாரிசை நியமிக்க விதி இடம் தருகிறது என்பது பலருக்குத் தெரியவில்லை: 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முந்துகிறதோ அப்போதே செய்யலாம். மூத்த உறுப்பினர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். வாங்கும் வாரிசிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால் மூன்றாவது கூடாது. மூன்று என்ற பழைய வரம்பு 2019-உடன் போய்விட்டது.

மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், அது ஆணையின் தேதியிலிருந்து ஓடுவதால், ஆணை தாமதமாகக் கைக்கு வந்தால் அதைக் காட்டத் தபால் உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை அவை முன் வைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரின் உரிமக் கெடுவையும் பதிவேட்டில் ஏற்றி, நான்கு மாதம் முன்பே சங்கம் அஞ்சலட்டை அனுப்புவது. நிலுவையில் எந்த அறிக்கை எங்கே நிற்கிறது என்ற பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை ஆட்சியரிடம் நேரில் கொடுப்பது. இரண்டையும் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்