அந்தப் போனை வாங்காதேங்கோ: வன்னிக் கந்தோர் பெரியாக்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் கந்தோர், சங்கம், கடை, கார்மென்ட் எண்டு நாலு பேரை வச்சு வேலை வாங்குற எல்லாச் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும் வணக்கம்.

"எங்கட ஸ்டாஃப் பழகின வேலையை விட்டு அங்கால இங்கால அசையினமில்லை" எண்டு நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுறன். நானும் இஞ்ச வேலை செய்யிற ஒராள்தான். அவைக்கு விருப்பமில்லாம இல்லை, நாலு பேருக்கு முன்னால பேச்சு வாங்கத்தான் பயம்.

கொழும்பில இருந்து கோல் வரும், அங்கால சிங்களத்தில கதைக்கிறது கேட்ட உடனே எடுத்த தங்கச்சி ரிசீவரைக் கையால பொத்திக்கொண்டு "அண்ணை, சிங்களம், நீங்களே கதையுங்கோ" எண்டு நீட்டுவா, அந்த அண்ணைதான் கன வருசமா எல்லாக் கோலும் கதைக்கிறார், அவர் லீவு எண்டா அண்டைக்குப் போன் அடிச்சு அடிச்சு ஓயும். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கைப்படி, அந்த வருசம் ஜூலை 1க்குப் பிறகு அரச வேலைக்கு வந்தவை அஞ்சு வருசத்துக்குள்ள இரண்டாம் மொழித் தேர்ச்சி, எங்கட ஆக்களுக்கு எண்டா சிங்களம், எடுக்கோணும் எண்டு விதிச்சிருந்தது. சோதினையும் பாஸ் பண்ணிப் போடுவினம், சேர்டிபிகேட் ஃபைலுக்குள்ள இருக்கும், ஆனா வாய் துறக்காயினம். ஏனெண்டா எப்பவோ ஒருக்கா ஒரு சொல்லு பிழைச்சதுக்கு முழுக் கந்தோரும் சிரிச்சிருக்கும். நீங்களும் சேர்ந்து சிரிச்சிருப்பியள்.

அவ நீட்டுற அந்தப் போனைக் கையில வாங்காதேங்கோ. லேசான கோலா ஒண்டு பாத்து, "கடிதம் கிடைச்சுதோ" எண்டு மட்டும் கேக்கிற கோலாக் குடுங்கோ, கேக்க வேண்டிய ரெண்டு சிங்கள வசனத்தையும் ஒரு துண்டில தமிழ் எழுத்தில எழுதி முன்னால வையுங்கோ, பக்கத்துக் கதிரையில இருங்கோ. அவ கதைச்சு முடிச்சுப் போனை வைக்கேக்க முகத்தைப் பாருங்கோ, பிறகு உங்களுக்கே விளங்கும்.

ஆல்பர்ட் பண்டுரா எண்ட உளவியலாளர் 1977இல எழுதினதும் இதைத்தான். "என்னால ஏலும்" எண்ட நம்பிக்கை வாற வழிகளில பலமானது தானே செய்து சரிவந்த அனுபவம், தன்னைப்போல ஒராள் செய்யிறதைப் பாக்கிறதும் உதவும், வாயால சொல்லி உற்சாகப்படுத்துறது அதுகளை விடப் பலம் குறைவு. நாங்கள் செய்யிறது தலைகீழ், ஹோல் புக் பண்ணி ஒரு நாள் மோட்டிவேஷன் வகுப்பு வைக்கிறம், அடுத்தநாள் அதே மேசை, அதே லெட்ஜர்.

இன்னொண்டு. இஞ்ச வேலை செய்யிற கனபேர் 2009 வரைக்கும் ஊர் ஊரா இடம்பெயர்ந்து மெனிக் பாம் வரைக்கும் போய் வந்தவை, அந்த முகாம் முழுசா மூடுப்பட்டதே 2012 செப்டம்பரிலதான். அப்படி வந்த ஒராளுக்கு நிரந்தர வேலையும் தன்ர எண்டு ஒரு கதிரையும் கிடைச்சா இறுக்கித்தான் பிடிப்பினம். அதைச் சோம்பல் எண்டு சொல்லுறதை என்னால பொறுக்கேலாது. இரணைமடுக் குளத்தில வான்கதவை அங்குலக் கணக்கிலதானே துறக்கிறம், மனுசருக்கும் அந்த அளவு வேணும்.

கொழும்பு ட்ரெயினிங்குக்குப் போகமாட்டன் எண்டு சொன்னவுடன "ஆர்வமில்லை" எண்டு முடிவெடுக்காதேங்கோ. தனிய நிண்டு வீட்டைப் பாக்கிற பொம்பிளையள் இஞ்ச எத்தினை பேர், நாளைக்கு ட்ரெயினிங் எண்டு இண்டைக்குப் பின்னேரம் சொன்னா பிள்ளையை ஆரிட்ட விட்டிட்டு இரவு பஸ் ஏறுறது? ரெண்டு கிழமைக்கு முன்னமே சொல்லுங்கோ, தனிய அனுப்பாம ரெண்டு பேராச் சேர்த்து அனுப்புங்கோ, வந்தாப்பிறகு படிச்சதைச் செய்ய இடம் குடுங்கோ. கிளிநொச்சி அறிவியல்நகர்க் கம்பஸில படிச்சுப்போட்டு வாற பிள்ளையளும் அப்படித்தான், வந்த கையோட போட்டோக்கொப்பி மெசினடியில விட்டா, ரெண்டு வருசத்தில அவையும் "எனக்கென்ன" எண்டு இருக்கப் பழகிப்போடுவினம்.

அதுக்காக வளர்ச்சி எண்டு சொல்லி ட்ரான்ஸ்பர்ல போனவரின்ர வேலையையும் சேர்த்துத் தலையில கட்டாதேங்கோ. புது வேலை குடுக்கேக்க பழையதில கொஞ்சத்தைக் குறையுங்கோ, காசு கூட்டோணும் எண்டா கூட்டுங்கோ. பிழை வந்தா கதவைச் சாத்திப்போட்டுச் சொல்லுங்கோ, சரி வந்தா எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ.

அடுத்த மாச முன்னேற்றக் கூட்டத்தில ஒரு பகுதியை, இதுவரைக்கும் பின் வாங்கில இருந்து குறிப்பு மட்டும் எழுதின ஒராளிட்டக் குடுங்கோ. ஆர் எண்டதை இந்தக் கிழமையே அவையிட்டச் சொல்லிப்போடுங்கோ, கூட்டத்தண்டு காலமை சொல்லாதேங்கோ.