ஜின்னிங் மில்லை ஓட்டலாக்கப் போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். பல்லடத்துக்கும் உடுமலைக்கும் இடையில் பூட்டிக் கிடக்கும் உங்கள் தாத்தா காலத்து ஜின்னிங் மில்லை, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்த அந்த ஆலையை, டிசைன் ஓட்டலாக மாற்றுவதற்கான வரைபடத்தை அனுப்பியிருந்தீர்கள். இடித்துத் தரைமட்டமாக்கி, சைட் பிரித்து விற்பதே வழக்கமாகிவிட்ட நம் பக்கத்தில், கட்டடத்தை நிறுத்தி வைத்துக்கொண்டே தொழில் செய்யலாம் என்று நினைத்த உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால் வரைபடத்தில் முகப்பில் வரிசையாக நிற்கும் காரைக்குடித் தூண்களையும் உள்ளே விரித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்களையும் பார்த்த பிறகு, உங்களிடம் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே எண்ணத்தில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

சிங்கப்பூருக்குப் போனபோது ராபர்ட்சன் கீ பகுதியில் ஆற்றை ஒட்டி இருக்கும் வேர்ஹவுஸ் ஓட்டலில் தங்கினேன். 1895இல் கட்டிய சரக்குக் குடோன் அது. பின்னாளில் டிஸ்கோ அரங்கமாகக்கூட இருந்து, 2017இல் 37 அறைகளுடன் ஓட்டலாகத் திறக்கப்பட்டது. அரண்மனையாகவோ மாளிகையாகவோ அதைக் காட்டிக்கொள்ள அவர்கள் முயலவில்லை. குடோனின் முக்கோண முகப்பு அப்படியே நிற்கிறது. உள்ளே நுழைந்தால் உயரமான கூரையும், சரக்கு ஏற்றி இறக்கிய காலத்தை நினைவூட்டும்படி கப்பிகளும் சக்கரங்களும் சேர்த்துத் தொங்கவிட்ட விளக்குகளும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. பழைய கட்டடங்களில் இயன்றவரை இருப்பதை இருத்து, பழுதைக் கவனமாகப் பார், மீட்பதைப் பக்குவமாக மீட்டெடு என்பது அந்த நகரத்தின் சீரமைப்பு வாரியம் வகுத்திருக்கும் நெறி. அதே ஆற்றின் முகத்துவாரத்தில் 1928இல் திறந்த ஃபுல்லர்டன் கட்டடமும், தலைமை அஞ்சலகம் இருந்த இடமென்ற அடையாளத்தோடே, 2001இல் ஓட்டலானது.

நினைவூட்டும்படி எதையும் புதிதாகச் செய்ய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அசலே உங்களிடம் இருக்கிறது. ஜின் எந்திரங்கள் வரிசையாக நின்ற மேடை, அதன் அடியில் எந்திரங்களைச் சுழற்றிய ஷாஃப்ட் ஓடிய பள்ளம், சுவரில் இன்னும் மாட்டியிருக்கும் புல்லி, பெல்ட் உரசி உரசி வழவழப்பாகிவிட்ட செங்கல் விளிம்பு ஆகியவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒருபுறம் பஞ்சும் இன்னொருபுறம் பருத்திக்கொட்டையுமாகப் பிரிந்து விழுந்த அந்த மேடையையே வரவேற்புக் கூடமாக வைத்துக்கொண்டால், வருபவருக்கு விளக்கப் பலகைகூடத் தேவைப்படாது. நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் 1932இல் வரத் தொடங்கிய பிறகு கோவை வட்டாரத்தில் மில்கள் பெருகிய கதையை அதற்கும் முந்தைய ஆயில் எஞ்சின் அறையில் வைத்துச் சொன்னால், கேட்பவர் நம்புவார்.

செட்டிநாட்டு வீடுகளைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். கானாடுகாத்தானில் விசாலம் போன்ற வீடுகளை ஓட்டலாக்கியிருப்பது பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம், அங்கே முற்றமும் வளவும் பத்தியும் மனிதர்கள் வாழ்வதற்காகவே கட்டப்பட்டவை என்பதுதான். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் வார்த்தெடுக்கும் ஆத்தங்குடிக் கல் அந்த வீட்டுக்குள் அழகு. எந்திரம் அதிர அதிர ஓடிய நம் ஷெட்டின் தரையில் அதை ஒட்டினால், இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனதுபோல் இருக்கும். மத்திய சுற்றுலாத் துறையின் பாரம்பரிய ஓட்டல் தகுதிக்காகத்தான் தூண்களை வைத்தீர்களோ என்றும் ஒரு சந்தேகம். 1950க்கு முன் கட்டிய அரண்மனை, கோட்டை, ஹவேலி, வேட்டை மாளிகை, குடியிருப்பு என்று அந்த விதி அடுக்குகிறதே தவிர, ஜின்னிங் மில் என்று சொல்லவில்லை. அந்தச் சான்றுக்காக மில்லுக்கு வேஷம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது சுவர். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையடிவாரத்தில் ஓட்டலாக மாற்றிய ஒரு பழைய பங்களாவில் தங்க நேர்ந்தது, பெயர் வேண்டாம். கட்டிலுக்குத் தலைமாட்டில் முழங்கால் உயரம்வரை சுவர் பொருக்குத் தட்டி, விரலால் தொட்டால் வெள்ளையாக உப்பு ஒட்டியது. சந்தன ஊதுபத்தியையும் மீறி அறை முழுக்க ஓத வாடை அடித்தது. சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசி, அதற்கும் மேல் பளபளக்கும் பெயிண்டை அடித்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளேயே நின்று உப்பைக் கிளப்பிக்கொண்டு வரும். எனவே உங்கள் மேஸ்திரி எவ்வளவு சொன்னாலும் பழைய சுவரில் சிமெண்டு வைக்க விடாதீர்கள். உதிர்ந்த இடத்தை மட்டும் சுரண்டி, ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கொண்டு பூசி, மேலே சுண்ணாம்பையே அடித்தால் போதும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், காரை இறுக நாளாகும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு திறப்பு விழா நாளைக் குறியுங்கள்.

குளியலறைகளைப் பழைய சுவரோடு ஒட்டிக் கட்டியிருப்பதும் இதே காரணத்தால் ஆகாது. ஷெட்டுக்குள் பெட்டி வைத்ததுபோல, சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தனி அறைகளாக நிறுத்தி, தண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் அந்தப் புதுச் சுவர்களுக்குள்ளேயே ஓட்டினால், நாளைக்கு ஒரு குழாய் ஒழுகினாலும் பழைய சுவர் தப்பிக்கும். அந்தப் பெட்டிகளுக்குத் தனியாக மூடுகூரையும் போட்டுவிட வேண்டும். ஓட்டுக்கூரை வரை திறந்தே விட்டால் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பக்கத்து அறைக்காரர் இருமுவது கேட்கும், ஏசியின் குளிர் ஓட்டு இடுக்கு வழியாகப் போய்விடும்.

காற்றை மறந்துவிட்டுத்தான் பெங்களூர் ஆர்க்கிடெக்ட் வரைந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று உங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கினால் மாலை வெயிலும் புழுதியும் சேர்ந்தே வரும். மேற்கில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுத் துளைகளைக் காரணமில்லாமல் வைக்கவில்லை. சீமை ஓடுகளையும் அந்தக் காற்றுக்கு முன்பே ஒவ்வொரு வரிசையாகத் தட்டிப் பார்த்து, விளிம்பு ஓடுகளைக் கம்பியால் கட்டிவிடச் சொல்லுங்கள்.

கூரைச் சட்டங்களின் மேல் பல வருடத்துப் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். அதைத் துடைத்து எடுக்காமல் வெல்டிங் பட்டறை ஆட்களை உள்ளே விடாதீர்கள். ஒரு பொறி போதும்.

சாக்கடைக் குழாய்க்குப் பள்ளம் எடுப்பதற்கு முன், மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால், அவரை மரியாதையாக அழைத்து வந்து ஒருமுறை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் நின்ற இடத்தில் தரைக்குக் கீழே ஆள் உயரத்துக்குக் கல் அடித்தளம் இருக்கும்; வரைபடத்தில் உங்கள் சாக்கடைக் குழாய் நேராக அதன் மேல்தான் போகிறது.

அன்புடன்,
மாமா