அக்காவின் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?

மதிப்பிற்குரிய அறக்கட்டளை நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் வளர்ப்பு இல்லத்துக்கு இந்த ஆண்டுக்கான நிதியைப் புதுப்பித்ததற்கு முதலில் நன்றி. கட்டில் மாற்ற, கூரை ஒழுகலைச் சரிசெய்ய, கணினி வாங்க என்று கேட்டதற்கு மேலேயே ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் அடித்துவிட்டீர்கள். பிள்ளைகளோடு இரவு பகலாகத் தங்கும் அக்காக்களின் சம்பளம். பக்கத்தில் பச்சை மையில் ‘நிர்வாகச் செலவு, வரம்பை மீறுகிறது’ என்று குறிப்பு.

இதுபற்றி மூன்று முறை தனியாக எழுதிவிட்டேன். பதிலே வரவில்லை என்று சொன்னால் பொய். மூன்று முறையும் அதே விண்ணப்பப் படிவத்தின் புது நகல் வந்தது. அதனால்தான் இந்த முறை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. சங்கடப்படுத்துவது நோக்கமில்லை. தவிர, நான் பார்த்த நிதிப் படிவங்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன. படிக்கிறவர்கள் அவரவர்க்கு உரியதை எடுத்துக்கொள்ளட்டும்.

கேட்பது இதுதான்: பிள்ளைகளை வளர்ப்பவரின் சம்பளத்தை நிர்வாகச் செலவில் சேர்க்காதீர்கள். அது பிள்ளைகளுக்கான செலவு.

எங்கள் இல்லத்தில் 11 பிள்ளைகள். யார் எதனால் வந்தார்கள் என்பது கோப்பில் இருக்கிறது, அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அதில் ஒருவனுக்கு 4 வயது. வந்த நாளிலிருந்து நடு ராத்திரியில் எழுந்து வாசலுக்குப் போவான். கதவைத் திறக்க மாட்டான், அழ மாட்டான். அங்கே கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பான். அக்காவின் செருப்பு இருந்தால் திரும்பி வந்து படுத்துக்கொள்வான். அவ்வளவுதான். முதலில் எங்களுக்கு இது புரியவே இல்லை, தூக்கத்தில் நடக்கிறான் என்று நினைத்தோம்.

முதல் அக்கா போன வருஷம் வேலையை விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், ராத்திரி வீட்டுக்கும் போகலாம். “என் பிள்ளைக்கும் நான்தானே ஃபீஸ் கட்டணும்” என்றார். அன்று ராத்திரி பையன் வாசலுக்குப் போயிருக்கிறான். செருப்பு இல்லை. காலையில் நான் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். அடுத்த அக்கா 5 மாதம் இருந்தார். அவர் போனதும் இவன் இரண்டு வாரம் படுக்கையை நனைத்தான், பேச்சு பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது அக்கா வந்து கொஞ்ச நாளில் அவருடைய இடது கால் செருப்பு காணாமல் போனது. நாய் தூக்கிப் போயிருக்கும் என்று தோட்டமெல்லாம் தேடினோம். துணி துவைக்க உறைகளைக் கழற்றியபோது இவன் தலையணை உறைக்குள் இருந்தது. ஏன்டா எடுத்தாய் என்று கேட்டதற்கு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “ஒண்ணுல போக முடியாது.”

அந்தத் தலையணை உறை உங்கள் நிதியில் வாங்கியது. ‘படுக்கை, விரிப்பு’ என்ற தலைப்பின் கீழ் ரசீதோடு அனுப்பினேன், அனுமதித்தீர்கள். உறைக்குள் இருந்த செருப்பின் சொந்தக்காரருக்குத்தான் உங்கள் படிவத்தில் இடமில்லை.

குழுவில் மருத்துவர் இருக்கிறார், கல்வியாளர் இருக்கிறார். நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரே ஆளோடு ஒட்டி வளரும் வாய்ப்புக் கிடைத்த பிள்ளைகளுக்குப் பிறரோடு உண்டாகும் பிணைப்பிலும் மூளையின் இயக்கத்திலும் வித்தியாசம் தெரிந்தது, அதுவும் 2 வயதுக்குள் போனவர்களிடம் கூடுதலாக. அந்த ஆய்வுக்காரர்கள் வளர்ப்புப் பெற்றோருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நல்ல மனசு இருந்தால் போதும் என்று விட்டுவிடவில்லை.

ஆய்வு வேண்டாம், விதிமுறைதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளை ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்றது. உங்கள் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பராமரிப்பவர்களின் ஊதியமும் பணிச்சூழலும் அவர்கள் மனநிறைவோடு வேலையில் தொடரும்படி இருக்கவேண்டும் என்று அதே ஆவணம் சொல்கிறது. முதல் பக்கத்தில் மேற்கோள், ஆறாம் பக்கத்தில் பச்சை மை.

சொல்ல வந்ததோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு தாங்கவில்லை. போன முறை பார்வைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தை வியந்து எழுதியிருந்தார்கள்: “பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் எங்களோடு ஒட்டிக்கொண்டார்கள்! மடியில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்!” ஆமாம், உட்காருவார்கள். உள்ளே வரும் யார் மடியிலும் உட்காருவார்கள். வீட்டில் வளரும் 4 வயதுப் பிள்ளை முன்பின் தெரியாதவரைக் கண்டால் அம்மா பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒளிந்துகொள்ள ஆள் இல்லாத பிள்ளைதான் எல்லோரிடமும் போகும். உங்களுக்கு அது அன்பின் அடையாளமாகத் தெரிந்தது. எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

கரடி பொம்மைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பரண் முழுக்க இருக்கின்றன. பிறந்தநாள், மணநாள், நினைவுநாள் என்று வருகிறவர்கள் கொண்டுவருவது. வேண்டாம் என்றால் மனம் புண்படும். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி மட்டும் மூன்று வைத்திருக்கிறோம். மூன்றிலும் கொடுத்தவர் பெயர் பொறித்த தகடு உண்டு. சம்பளத்தில் தகடு அடிக்க முடியாது என்பதுதான் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், அக்காக்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சம்மதிப்பார்களா என்று.

மன்னிக்கவும். இதை எழுதியிருக்கக்கூடாது, ஆனால் அழிக்கவும் மனம் வரவில்லை.

தலைக்கு இவ்வளவு என்று நீங்கள் தரும் முறையும் இப்படித்தான். மார்ச்சில் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேரை அவர்களுடைய சித்தி வீட்டில் சேர்த்தோம். எட்டு மாத வேலை அது. சித்தியைத் தேடிக் கண்டுபிடித்து, பேசி, வீட்டைப் பார்த்து, வார இறுதிகளில் அனுப்பிப் பழக்கி, அப்புறம்தான் முழுதாக அனுப்பினோம். ஒரு வளர்ப்பு இல்லத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. அடுத்த தவணையில் இரண்டு தலைக்கான பணத்தைக் கழித்துவிட்டு அனுப்பினீர்கள். 13 பேரும் இருந்திருந்தால் முழுத் தொகை வந்திருக்கும். பிள்ளைகளைத் தேவையில்லாமல் பிடித்து வைத்திருக்கத் தூண்டும் விதத்தில் நிதி இருக்கக்கூடாது என்றும் அதே 2009 ஆவணத்தில் இருக்கிறது. அந்தக் கழித்தல்தான் இரண்டாவது அக்காவின் சம்பள உயர்வைத் தின்றது. அதற்குப் பிறகுதான் அவர் போனார்.

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளைகள் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கி, சொந்தக்காரர்களை ஊழியர் பட்டியலில் ஏற்றி, சொகுசாக வாழ்ந்தவர்கள் உண்டு. அவர்களால்தான் இந்த வரம்பு வந்தது. கொடுத்த பணம் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது உங்கள் கடமை. கேளுங்கள். வருகைப் பதிவேடு, வங்கியில் சம்பளம் போட்ட விவரம், விடுப்புக் கணக்கு எல்லாம் மாதாமாதம் அனுப்புகிறேன். என் சம்பளத்தையும் கணக்கெழுதுபவர் சம்பளத்தையும் நிர்வாகத்திலேயே வையுங்கள், அது நியாயம்தான். நான் கோப்பு பார்ப்பவர். ராத்திரி காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுபவர் நிர்வாகம் ஆகமாட்டார்.

வீட்டில் ஒரு தாய் தன் பிள்ளையோடு செலவழிக்கும் நேரத்தை யாரும் நிர்வாகச் செலவு என்று சொல்வதில்லையே.

ஆகவே மறுபடியும் அதே வேண்டுகோள். படிவத்தில் ‘பராமரிப்பாளர் ஊதியம்’ என்று தனித் தலைப்பு ஒன்று சேருங்கள். உணவு, கல்வி, மருத்துவம் என்று இருக்கிறதே, அந்த வரிசையில். அதை ஓராண்டுக்கு மட்டும் தராமல் மூன்றாண்டுக்கு உறுதி கொடுங்கள். அடுத்த ஏப்ரலில் சம்பளம் வருமா என்று தெரியாத ஒருவரை, பிள்ளைகளை விட்டுப் போகாதே என்று நான் எந்த முகத்தோடு கேட்பது? இந்த ஆண்டு கூடுதலாகப் பணம் வேண்டாம். கணினிக்கு ஒதுக்கியதை இதற்கு மாற்ற அனுமதித்தாலே போதும். இருக்கும் கணினி மெதுவாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் ஓடுகிறது.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டம் 20-ஆம் தேதி என்று அறிகிறேன். அக்கா மாதக் கடைசி வரைதான் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பையனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து இதைக் கூட்டத்தின் பொருள் நிரலில் முதலாவதாக வையுங்கள், முடிவு எதுவானாலும் மறுநாளே ஒரு வரி எழுதுங்கள். படிவம் வேண்டாம், என்னிடம் நிறைய இருக்கிறது.

மரியாதையுடன்,
இல்லப் பொறுப்பாளர்