சைக்கிள் சலுகை குறைந்த சம்பளக்காரருக்கும் எட்ட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் வேலைத்தலத்தின் ஊடாகச் சைக்கிள் எடுக்கும் திட்டம் 1999ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தோடு வந்தது. கால் நூற்றாண்டு கடந்த பின்பும் நம்மவர்களில் பலர் அதை, "வேலையிடத்தில் மலிவாகச் சைக்கிள் கொடுக்கிறார்களாம்" என்ற அளவிலேயே அறிந்திருக்கிறார்கள். அத்திட்டத்தால் பயன் பெற்றவன் என்ற முறையிலும், என் மைத்துனருக்கு அது கிடைக்காமற் போனதைக் கண்டவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இது தள்ளுபடி விற்பனை அன்று. சைக்கிளை வாங்குபவர் தொழில்தருநர். நமக்கு அது வாடகைக்குத் தரப்படுகிறது. வரி கழிப்பதற்கு முன்னுள்ள சம்பளத்திலிருந்து அந்த வாடகை எடுக்கப்படுவதால், அத்தொகைக்குரிய வருமான வரியும் தேசியக் காப்புறுதிக் கட்டணமும் நமக்கு மிச்சமாகின்றன. நான் சைக்கிள், தலைக்கவசம், பூட்டு, விளக்குகள் யாவும் சேர்த்து 960 பவுணுக்கு எடுத்தேன். மாதம் 80 பவுண் வீதம் பன்னிரண்டு மாதங்கள் கழித்தார்கள். ஆனால் 20 சதவீத வரியும் 8 சதவீதக் காப்புறுதியும் அந்த 80 பவுணுக்கு விதிக்கப்படாததால், என் கைக்கு வரும் சம்பளத்தில் மாதந்தோறும் ஏற்பட்ட குறைவு 57 பவுண் 60 பென்ஸ் மட்டுமே. ஆண்டு முழுவதற்கும் மிச்சம் 268 பவுண் 80 பென்ஸ்.

பலர் தடுமாறும் இடம் ஆண்டு முடிவில் வருகிறது. அதுவரை கட்டியது வாடகை என்பதால், சைக்கிள் இன்னமும் தொழில்தருநருடையதுதான். அதை உடனே சொந்தமாக்க விரும்பினால், வரித் திணைக்களத்தின் அட்டவணைப்படி, 500 பவுணுக்கு மேற்பட்ட சைக்கிளுக்கு முதல் விலையில் 25 சதவீதம் செலுத்த வேண்டும். என் கணக்கில் அது 240 பவுண். அதைக் கட்டியிருந்தால் ஓராண்டுச் சேமிப்பில் எஞ்சியிருக்கக் கூடியது 28 பவுண் 80 பென்ஸ். அதற்குப் பதிலாக 7 சதவீதத்தை, அதாவது 67 பவுண் 20 பென்ஸை, வைப்புப் பணமாகக் கட்டி, மேலும் மூன்று ஆண்டுகள் வாடகையின்றி வைத்திருந்து, முடிவில் அந்த வைப்பை விட்டுக்கொடுத்துச் சைக்கிளைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழியை நான் தேர்ந்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே இந்த இறுதிக் கட்டத்தை ஒவ்வொருவரும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். இடையில் வேலையை விட்டால் மீதித் தொகை, வரி கழித்த கடைசிச் சம்பளத்திலிருந்தே எடுக்கப்படும் என்பதையும், பேறுகால விடுப்பை எதிர்பார்க்கும் பெண்களுக்குச் சம்பளக் குறைப்பு அந்தக் காலக் கொடுப்பனவையும் பாதிக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

இனி என் மைத்துனரின் விடயத்துக்கு வருகிறேன். அவர் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறார். அதிகாலை ஐந்து மணிக்கு நிலையத்தைத் திறக்க வேண்டியவர். வீட்டிலிருந்து நான்கு மைல் தூரத்துக்கு இரவுப் பஸ்ஸையே நம்பியிருக்கிறார். எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில், கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு நாள்தோறும் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர். அக்காலத்தில் வைத்தியரும் ஆசிரியரும் மாணவரும் சைக்கிளிலேயே போனார்கள். அப்படிப்பட்டவர் இங்கே ஒரு சைக்கிள் கேட்டபோது, "உங்கள் சம்பளத்துக்கு இது பொருந்தாது" என்ற பதிலே கிடைத்தது.

பதிலில் பிழை இல்லை. சம்பளக் குறைப்புக்குப் பின் எவருடைய ஊதியமும் சட்டபூர்வமான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக்கூடாது. 2025 ஏப்ரலில் அது மணிக்கு 12 பவுண் 21 பென்ஸ் ஆனது. என் மைத்துனர் பெறுவது சரியாக அந்தக் குறைந்தபட்சத்தைத்தான் என்பதால், அதில் ஒரு பென்ஸைக்கூடக் குறைக்க முடியாது. தொழிலாளியின் கூலியைக் காக்க வந்த அந்த விதியைத் தளர்த்துமாறு நான் ஒருபோதும் கேட்கமாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். 40 சதவீத வரி கட்டும் அதிகாரி ஒருவர் 5,000 பவுணுக்கு மின்சைக்கிள் எடுத்தால், வரியிலும் காப்புறுதியிலும் 2,100 பவுண் வரை மிச்சம் பிடிக்கலாம். விடியுமுன் வேலைக்குப் போகும் பெற்றோல் நிலையத் தொழிலாளிக்கும், பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை முடித்துத் திரும்பும் பெண்ணுக்கும் ஒன்றும் இல்லை. சுயதொழில் செய்யும் சாரதிகளும் விநியோகத் தொழிலாளரும் திட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். இந்த அநீதி எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அரசாங்கம் இதைத் திருத்த வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத இரண்டு வழிகள், கடைகளும் பெற்றோல் நிலையங்களும் பராமரிப்பு இல்லங்களும் நடத்தும் நம் முதலாளிமாரின் கையிலேயே இருக்கின்றன. வரிவிலக்குக்குச் சம்பளக் குறைப்பு கட்டாயமான நிபந்தனை அன்று. தொழில்தருநர் தம் செலவில் சைக்கிள் வாங்கி, சம்பளத்தில் கைவைக்காமல் இரவலாகக் கொடுத்தாலும் தொழிலாளிக்கு அதற்கு வரி இல்லை. அந்த வசதி ஊழியர் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்திருக்க வேண்டும்; சைக்கிளின் பயன்பாட்டில் பாதிக்கு மேல் வேலை தொடர்பான பயணமாக இருக்க வேண்டும்; உரிமை தொழில்தருநரிடமே இருக்க வேண்டும். இவ்வளவே.

அதற்கு மனமோ பணமோ இடம் தராதவர்கள் வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். தொழில்தருநர் ஒருவருக்குக் கொடுத்த கடன்கள் மொத்தமாக 10,000 பவுணைத் தாண்டாதவரை வட்டிச் சலுகைக்கு வரி இல்லை. எழுத்திலுள்ள உடன்படிக்கைப்படி கடன் தவணையைச் சம்பளத்திலிருந்து கழித்தாலும் அது குறைந்தபட்ச ஊதிய விதியை மீறியதாகாது. 400 பவுண் சைக்கிளுக்கு வாரம் 10 பவுண் வீதம் நாற்பது வாரத்தில் கடன் தீர்ந்துவிடும். வரிச் சேமிப்பு இதில் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் கடனட்டை வட்டியில் சிக்காமல் முதல் நாளிலேயே சைக்கிள் தொழிலாளியின் சொந்தமாகிறது.

தங்கள் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில், தகுதி வாய்ந்த கணக்காளர் ஒருவரைக் கொண்டு இவ்விரு வழிகளையும் விரிவாக எழுதுவிக்குமாறு பணிவோடு வேண்டுகிறேன். அப்பக்கத்தை வெட்டியெடுத்துத் தன் முதலாளியிடம் கொடுப்பதற்கு என் மைத்துனர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
ரூட்டிங், தென் லண்டன்.