பஞ்சர் கடையிலேயே பேட்டரியும் பார்க்க வழி வேண்டும்

ஐயா,

தஞ்சாவூரில் 31 ஆண்டுகள் சாதாரண சைக்கிளில் தபால் கொடுத்தவன் நான். முட்டி தேய்ந்ததால் போன வருஷம் மின்சார சைக்கிள் வாங்கினேன். புது ஆற்றுப் பாலம் ஏறும்போது யாரோ முதுகில் கை கொடுத்துத் தள்ளுவது போல இருக்கும். பத்தே மாதத்தில் பேட்டரி படுத்துவிட்டது. விற்ற கடையில் கையை விரித்துவிட்டார்கள். மோட்டார் ஓடாவிட்டால் அந்தக் கனத்தை என்னால் மிதிக்க முடியவில்லை. பழைய சைக்கிளுக்கோ வால்டியூப் முதல் பால்ரஸ் குண்டு வரை எல்லா உதிரிபாகமும் தெருமுனையிலேயே கிடைக்கும்.

250 வாட் மோட்டார் திறனுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்சார வண்டிக்கு உரிமமும் பதிவும் தேவையில்லை. என் போன்ற முதியவர்களுக்கு அது பெரிய வரம். தெருமுனை சைக்கிள் மெக்கானிக்குகளுக்கு ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி நிலையங்களில் மாலை நேரத்தில் பேட்டரிப் பழுது பார்க்கச் சொல்லித்தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
தஞ்சாவூர்