கத்தல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மேற்கத்திய ராக், மெட்டல் இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய ராக் குழுக்களைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் மெட்டல்கோர் என்ற கனமான இசை வகை என்று வந்ததும் கட்டுரையாளர் ஒரே பத்தியில் கணக்கை முடித்துவிட்டார். வெறும் கத்தல், நடுநடுவே கம்ப்யூட்டர் சத்தம், வரிகளில் ஒரு விஷயமும் கிடையாது என்கிறார். எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மெட்டல்கோரோடு எலக்ட்ரானிக் இசையைக் கலக்கும் என்டர் ஷிகாரி என்ற பிரிட்டிஷ் குழுவின் ‘எ ஃப்ளாஷ் ஃப்ளட் ஆஃப் கலர்’ ஆல்பத்தை ஒரு முறை முழுதாகக் கேட்டிருந்தால் அந்தப் பத்தியை அவர் எழுதியிருக்கவே மாட்டார்.

லண்டனுக்கு வடக்கே இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரர்கள் இவர்கள். பாடுவதும் எலக்ட்ரானிக் வேலையும் ரூ ரெனால்ட்ஸ், கிட்டார் ரோரி க்ளூலோ, பேஸ் கிறிஸ் பேட்டன், டிரம்ஸ் ராப் ரோல்ஃப். ‘ஆம்புஷ் ரியாலிட்டி’ என்று சொந்தமாக லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், தொடங்கி 2007-ல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள், அது பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் நேராக நான்காம் இடத்துக்குப் போனது. நான் சொல்லும் ஆல்பம் மூன்றாவது, 2012 ஜனவரியில் வந்தது, அதுவும் நான்காம் இடம்.

எந்த நேரத்தில் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 2010 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை உயர்த்த ஓட்டுப் போட்டபோது மாணவர்கள் லண்டன் தெருவில் நின்றார்கள். 2011 ஆகஸ்டில் லண்டனில் தொடங்கிய கலவரம் மற்ற நகரங்களுக்கும் பரவியது, அக்டோபரில் வங்கிகளின் ஆதிக்கத்தை எதிர்த்தவர்கள் லண்டனின் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்கு வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். வங்கிகள் கவிழ்ந்ததற்கு நாங்கள் ஏன் செலவைக் கட்ட வேண்டும் என்று ஒரு தலைமுறையே கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. முதல் பாட்டு ‘சிஸ்டம்’ அந்தக் கோபத்தை ஒரு கதையாகவே சொல்கிறது. மலை விளிம்பில் ஒரு வீடு, கீழே அலை அடிக்கிறது என்பதே கட்டுக்கதை என்று அந்த வீட்டுக்காரர்கள் நம்புகிறார்கள், எச்சரித்தவர்களைக் கண்டுகொள்வதில்லை, கடைசியில் வீடு பாறைகள் மேல் நொறுங்கிக் கிடக்கிறது. இதை ரெனால்ட்ஸ் கத்தவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி நிதானமாகச் சொல்கிறார், அமெரிக்க உச்சரிப்பை இரவல் வாங்காமல் தன் ஊர் இங்கிலீஷிலேயே. அப்புறம்தான் அது அப்படியே ‘மெல்ட்டவுன்’ பாட்டுக்குள் போய் வெடிக்கிறது.

வரிகளில் விஷயம் இல்லை என்றாரே, ‘ஆர்க்யூயிங் வித் தெர்மாமீட்டர்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எரித்ததால் ஆர்க்டிக்கில் பனி உருகுகிறது, பனி உருகினால் கடலுக்கடியில் இருக்கும் எண்ணெயை எடுக்க வழி திறக்கிறது, அதையும் எடுத்து எரிக்கலாம் என்று கம்பெனிகள் காத்திருக்கின்றன. இந்தச் சுற்றைத்தான் அந்தப் பாட்டு பிடித்து உலுக்குகிறது. இது கற்பனை கிடையாது. 2007-ல் ரஷ்யர்கள் நீர்மூழ்கியில் இறங்கி வட துருவத்தில் கடலடித் தரையில் டைட்டானியம் கொடி நட்டுவிட்டு வந்தார்கள். 2008-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை, ஆர்க்டிக்கில் இன்னும் கண்டெடுக்கப்படாத எண்ணெய் சுமார் 9,000 கோடி பீப்பாய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆல்பம் வெளிவந்த அதே 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனியின் பரப்பு, செயற்கைக்கோள் வைத்து அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து இல்லாத அளவுக்குச் சுருங்கியது. நாளிதழில் உள்பக்கச் செய்தியாகப் போயிருக்கும் ஒரு விஷயத்தை, கும்பலாகக் குதிக்கும் பையன்கள் வாயில் பாட்டாக ஏற்றிவிட்டார்கள் இவர்கள். இதற்கு மேல் என்ன விஷயம் வேண்டும்?

எனக்கு ரொம்ப முக்கியமான பாட்டு ‘காந்தி மேட், காந்தி’ (‘மேட்’ என்றால் நண்பா). விழுந்துகொண்டிருக்கும் பொருளாதாரத்தைத் தாங்கிப் பிடிக்கக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தள்ளுவதா நம் வாழ்க்கை என்று ரெனால்ட்ஸ் பேச ஆரம்பிக்கிறார், பாட்டுகூட இல்லை, பேச்சுதான். போகப்போக வேகம் ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது, ஒரு கட்டத்தில் குரல் கைமீறிப் போகப்போகிறது என்று நமக்கே தெரியும்போது, கூட இருப்பவர்கள் குறுக்கே விழுந்து அவரை அடக்குகிறார்கள், காந்தியை நினைத்துக்கொள் என்று. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த நாலு பையன்கள், கோபத்தையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு இசையில், அந்தக் கோபம் எங்கே நிற்க வேண்டும் என்று நம் காந்தியை வைத்துப் பாட்டுக்குள்ளேயே யோசிக்கிறார்கள். கத்துவது சுலபம், கத்திக்கொண்டிருக்கும்போதே இது எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்பது சுலபமில்லை. உங்கள் கட்டுரையாளர் ‘வெறும் கத்தல்’ என்ற இசையில்தான் இது நடக்கிறது.

கம்ப்யூட்டர் சத்தம் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். மெட்டல்கோர் என்பது ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமும் கோபமும் நிறைந்த ராக் வகையும் மெட்டலும் கலந்தது, அதன் உயிர் பிரேக்டவுன் என்ற இடம். வேகம் சட்டென்று குறைந்து, கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து கனமாக இறங்கும், கூட்டமே அந்த ஒரு நொடிக்குத்தான் காத்திருக்கும். நடனக் கிளப் இசையில் டிராப் என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது, இழுத்துப் பிடித்து வைத்திருந்து விடுவது. லண்டனின் தெற்கே க்ராய்டன் பக்கம் பிறந்த டப்ஸ்டெப் என்ற, கனமான பேஸ் ஒலி கொண்ட எலக்ட்ரானிக் நடன இசை அந்த வருடங்களில் இங்கிலாந்து இளைஞர்கள் காதில் எந்நேரமும் இருந்தது. ஆக, இவர்கள் சிந்தசைசரை அலங்காரத்துக்கு ஒட்டவைக்கவில்லை, தாங்கள் வளர்ந்த இரண்டு இசையும் ஒரே இடத்தில் மூச்சைப் பிடித்து ஒரே இடத்தில் விடுகின்றன என்பதைக் கண்டுகொண்டார்கள். ‘மெல்ட்டவுன்’ பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்டால் கிட்டார் எங்கே முடிகிறது, மெஷின் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே ‘மெல்ட்டவுன்’ பாட்டில் எல்லை, கொடி, தேசம் எல்லாவற்றையும் கெட்ட வார்த்தையில் திட்டித் தீர்க்கிறார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் இருப்பவர் அதைச் சொல்வதும் விசாவுக்கு வரிசையில் நிற்பவர் சொல்வதும் ஒன்றில்லை. எண்ணெயைத் திட்டும் ஆல்பத்தின் ஒரு பகுதியைத் தாய்லாந்துக்குப் பறந்துபோய்ப் பதிவு செய்ததையும் ஒருவர் நியாயமாகவே கேட்கலாம். எதிர்ப்பில் இருக்கும் தெளிவு மாற்று என்ன என்று சொல்லும்போது மங்கிவிடுகிறது. ஆனால் இந்த மாதிரிச் சண்டையைப் போட வேண்டுமென்றால் முதலில் வரிகளைப் படித்திருக்க வேண்டும். கட்டுரையில் அதுதான் நடக்கவில்லை.

2015-ல் அடுத்த ஆல்பத்தில் ‘அனஸ்தெட்டிஸ்ட்’ என்ற பாட்டில் இவர்கள் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை தனியார் கைக்குப் போவதை எதிர்த்தார்கள். அரசியலை விடாமலேயே 2023-ல் முதல் தடவையாகப் பட்டியலில் முதலிடமும் பிடித்தார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். சினிமாப் பாட்டின் ஒரு வரிக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் இதழ் உங்களுடையது. இந்த இசைக்கும் ஒரு இரண்டு பக்கம் கொடுங்கள், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டு எழுதச் சொல்லுங்கள், அதே கட்டுரையாளரே எழுதினாலும் சரி. கேட்ட பிறகும் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் காரணத்தோடு போடுங்கள், நான் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
திருச்சி